செப்டிக் டேங்குக்கு மூடி போடும் முன் யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களில் மனைப் பிரிவுகள் பெருகிக்கொண்டே போகின்றன. சாலை, தெருவிளக்கு, குப்பை வண்டி பற்றிய குறைகள் கண்ணுக்குத் தெரிவதால் பேசப்படுகின்றன. மண்ணுக்குள் போவதைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் ‘செப்டிக் டேங்க்’ என்ற பெயரில் இறங்குவது பல வீடுகளில் வெறும் உறைதான். மூன்றடி, நாலடி விட்டமுள்ள சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு, பத்து இறக்கி, அடியைத் திறந்தபடி விட்டு, மேலே சிலாப் போட்டு மூடிவிடுகிறார்கள். கொத்தனாரை மட்டும் குறை சொல்ல முடியாது. உறை இறக்குவது சீக்கிரம் முடிகிறது, செலவும் குறைவு, ‘நிறையவே நிறையாது’ என்று வீட்டுக்காரரும் மகிழ்கிறார். நிறையாததற்குக் காரணம், கழிவு நேராக நிலத்தடி நீரில் கலப்பதுதான்.

மணல் பூமியில் இது ஏன் இவ்வளவு கெடுதல் என்றால், இங்கே நல்ல தண்ணீர் கடலின் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால், நாளடைவில் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறும். அதனால்தான் ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போக உவர்க்கிறது, ஆழமில்லாத கிணறு இனிக்கிறது. குடிக்க உதவும் அந்த மேல் நீரில்தான் கழிவுக் குழியையும் இறக்குகிறோம்.

கார்த்திகை, மார்கழியில் நீர்மட்டம் ஏறியதும் கழிப்பறையில் தண்ணீர் இறங்காது. டேங்க் நிறைந்துவிட்டது என்று லாரியை அழைப்பார்கள். உறிஞ்சிய மறுநாளே குழி பழைய மட்டத்துக்கு வந்துவிடும். அடி திறந்த குழிக்குள் ஊற்று ஏறுகிறது. லாரிக்குப் போனதில் பெரும்பகுதி நிலத்தடி நீர். குழியில் ஏறிய அதே நீர்தான் பக்கத்துக் கிணற்றிலும் நிற்கிறது. கிருமியைக் காய்ச்சியோ குளோரின் போட்டோ கொல்லலாம். கழிவிலிருந்து வரும் நைட்ரேட் இரண்டுக்கும் மசியாது. காய்ச்சினால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து.

செய்யவேண்டியது பெரிய வித்தை இல்லை. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றரை அடி நீர் ஆழம், அதற்கு மேல் ஓர் அடி காலியிடம் உள்ள தொட்டி போதும். அடியில் கான்கிரீட், உள்ளே நீர்க்கசிவில்லாத பூச்சு. வெளிக்குழாய் உள்குழாயைவிட இரண்டு அங்குலம் தாழ்வாக இருக்கவேண்டும், இரண்டிலும் ‘டீ’ எனப்படும் T வடிவ இணைப்புக் குழாய் மாட்டவேண்டும். இல்லாவிட்டால் மேலே மிதக்கும் ஏடு வெளியேறி, தொட்டி நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியை அடைத்துவிடும். காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டவேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சேறு எடுக்கவேண்டும்.

உறிஞ்சு குழிக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலே ஆறடியாவது வறண்ட மண் மிஞ்சவேண்டும். அது கிடைக்காத தெருவில் தொட்டியையும் குழியையும் பேஸ்மட்ட உயரத்துக்குத் தூக்கித்தான் கட்டவேண்டும். கிணற்றிலிருந்து உறிஞ்சு குழி 18 மீட்டர், அதாவது 60 அடி தள்ளி இருக்கவேண்டும் என்பது விதி. 30-க்கு 40 அடி மனையில் 60 அடி எங்கே வரும்? தன் குழியைத் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி தன் கிணற்றை ஒட்டி நிற்கும். ஆகவே சிறு மனைகளில் இதைத் தனித்தனி வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. மனைப் பிரிவுக்கு ஒப்புதல் தரும்போதே கழிவுநீருக்குப் பொது ஏற்பாடும், கிணறுகளுக்கு மேட்டுப் பக்கத்தில் தனி இடமும் வரைபடத்தில் கேட்கவேண்டும்.

2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சலும் ‘கவனிப்பும்’ குறைந்ததில் மகிழ்ச்சியே. ஆனால் குழியை யாரும் வந்து பார்ப்பதில்லை. சிலாப் போட்டபின் பார்த்துப் பயனும் இல்லை. மூடுவதற்கு முன், தொட்டியின் அடித்தளம் தெரிய, அளவு நாடா வைத்து எடுத்த படத்தை நகராட்சிக்கு அனுப்பினால்தான் வீட்டு வரி விதிப்பு என்று தீர்மானம் போடலாம். செலவில்லாத வேலை.

காவிரி வந்துவிட்டது, கிணறு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. திருச்சியிலிருந்து வரும் குழாய் வழியில் எங்கே உடைந்தாலும் நாம் குடத்தோடு நிற்பது கிணற்றடியில்தான். தவிர, விட்டு விட்டு வரும் குழாயில் தண்ணீர் நின்றதும் வெற்றிடம் உண்டாகி, கசியும் இணைப்பு வழியே சுற்றியுள்ள அழுக்கு உள்ளே இழுக்கப்படும். இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் இதை இன்னும் மோசமாக்குகின்றன.

கழிவு லாரிகள் எங்கே கொட்டுகின்றன என்பதும் கேட்கப்படவேண்டும். ஒவ்வொரு நடைக்கும் எடுத்த வீடு, இறக்கிய சுத்திகரிப்பு நிலையம் இரண்டும் ரசீதில் இல்லாவிட்டால், அது கருவேலங்காட்டுக்கோ ஓடைக்கோ போகிறது என்றே கொள்ளவேண்டும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பிகள் மலிவானவை. கிணற்று நீரைக் கோடு வரை ஊற்றி 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், மலக் கலப்பு இருந்தால் கறுக்கும். மழை முடியும் டிசம்பரிலும் கோடை முற்றிய மே மாதத்திலும் ஒவ்வொரு வார்டிலும் பொதுக் கிணறுகளைச் சோதித்து, தெருப் பெயரோடு முடிவை நகராட்சி, பேரூராட்சி அலுவலகப் பலகைகளில் ஒட்டவேண்டும். வார்டுக் கூட்டங்களில் உறுப்பினர்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்