காப்பீட்டு அட்டையை ஏற்கும் முடக்குவாத நிபுணர் வேண்டி ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தையல் தொழிலாளி ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியரகம்,
திருவாரூர்.

பொருள்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை ஏற்றுச் சிகிச்சை அளிக்கும் முடக்குவாத நோய் நிபுணர் நம் மாவட்டத்திலேயே கிடைக்க ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

எனக்கு வயது 44. இருபது ஆண்டுகளாகத் தையல் மிஷின்தான் என் வயல். சம்பா அறுவடைக் காசு கைக்கு வந்து, தை மாசிக் கல்யாணங்கள் தொடங்கியதும் எங்கள் ஊர் ரவிக்கைத் துணிகள் என் வாசலுக்கு வந்துவிடும். 2020ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை, கத்தரிக்கோல் வளையத்துக்குள் என் கட்டைவிரல் நுழையவில்லை. துணி உலர்த்தும் கொடியைப் பிடித்தபடி விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்தேன். பத்து மணிக்கு மேல்தான் நுழைந்தது. அன்று தொடங்கியது.

அடுத்த இரண்டு ஆண்டுகள் எலும்பு மருத்துவர்களிடம் அலைந்தேன். ஒருவர் தேய்மானம் என்றார். மற்றொருவர் சிக்குன்குனியா வந்து போன வலியாக இருக்கும் என்றார். வலி ஊசி, ஸ்டீராய்டு மாத்திரை, மறுபடியும் வலி ஊசி. ஸ்டீராய்டு தின்று முகம் வட்டமாக உப்பியதைப் பார்த்து, உடம்பு தேறியிருக்கிறாய் என்று ஊரில் மகிழ்ந்தார்கள். அந்த மருத்துவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அவர்கள் படித்தது எலும்பு. எனக்கு வந்தது முடக்குவாதம், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். அதைப் பார்க்க ருமட்டாலஜிஸ்ட், அதாவது முடக்குவாத நிபுணர், என்று ஒருவர் உண்டு என்பதே எனக்குச் சென்னைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அங்கே ஓர் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் என் தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், இரண்டு கைகளின் விரல் கணுக்கள் என 28 மூட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி, வலிக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று தாளில் குறித்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் யாரும் என் கையைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை எழுதினார். வாரத்தில் ஒரே ஒரு நாள் விழுங்க வேண்டியது. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஊர் திரும்பியபின் ஒரு மருந்துக் கடையில் உறையின்மேல் 'தினம் 1' என்று எழுதித் தந்தார்கள். என் மகள் பார்த்ததால் பிழைத்தேன். பக்கத்தில் நிபுணர் இல்லாததன் பொருள் இதுதான், ஐயா.

இனி அட்டைக்கு வருகிறேன். எங்கள் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் அடங்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என்று அட்டை வைத்திருக்கிறோம். டெல்டாவில் காப்பீட்டுத் திட்டப் பலகை மாட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் அதை நீட்டினேன். "படுத்தால் செல்லும், பார்த்துவிட்டுப் போவதற்குச் செல்லாது" என்றார் கவுண்டரில் இருந்த பெண். வேறோர் ஊரில் மாதம் இரு முறை ருமட்டாலஜிஸ்ட் வருகிறார். அங்கே ரொக்கம் மட்டும். மூன்றாவது இடத்தில் அட்டையை ஏற்றார்கள், ஆனால் மீண்டும் எலும்பு மருத்துவரிடமே அனுப்பினார்கள்.

மூட்டு முற்றிலும் அழிந்தபின் செயற்கை முழங்கால் பொருத்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது. அது அழியாமல் காக்கும் வாராந்தர மாத்திரைக்கும், அந்த மாத்திரை கல்லீரலைக் கெடுக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்கும் இல்லை. கரை உடைந்தபின் கொட்ட மணல் மூட்டை இருக்கிறது, கசிவை அடைக்கத்தான் மண் இல்லை என்பது போல.

சென்னைக்கு ஒரு முறை போய்வரக் கணவரின் இரண்டு நாள் கூலியும் சேர்த்து எனக்கு 2,500 ரூபாய் ஆகிறது. மருத்துவரைப் பார்க்கப் போகவேண்டிய ஐந்து தவணைகளில் இரண்டைத் தவறவிட்டேன். தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் கணக்குச் சொல்கிறது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கண்ணாடியில் என் வலது ஆள்காட்டி விரல் இப்போது படிவதில்லை.

நான் ஒருத்தி மட்டும் அல்ல. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்ட மக்கள்தொகை 12 லட்சத்து 64 ஆயிரம். இருநூறு பேரில் ஒருவருக்கு இந்நோய் என்று குறைத்தே வைத்தாலும் ஆறாயிரம் பேர். இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். நாற்றுப் பறித்து முடிச்சுப் போடும் கைகளில் எத்தனை கைகள் 'வேலைக் களைப்பு' என்று தைலம் தடவிக்கொண்டிருக்கின்றனவோ, யார் எண்ணினார்கள்?

நிபுணரை நியமிப்பது தங்கள் கையில் இல்லை என்பதை அறிவேன். ஆனால் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது முடக்குவாத நிபுணர் வெளிநோயாளிகளைப் பார்க்க ஏற்பாடு செய்யுமாறு மக்கள் நல்வாழ்வுத் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்கலாம். அதுவரை, திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமையில் இந்நிபுணர் இருக்கிறார், அட்டை எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதை எழுதி ஆட்சியரகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஒட்டச் செய்யுமாறு கேட்கிறேன். இதற்கு அரசாணை தேவைப்படாது என்று நம்புகிறேன். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக எங்கள் தெருவுக்கே வருகின்றன. அதே வழியில் இந்த மாத்திரையும், அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனையும் கிடைத்தால், சென்னைப் பயணத்தை ஆண்டுக்கு ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொள்வேன்.

குடும்ப அட்டை நகல், காப்பீட்டு அட்டை நகல், சிகிச்சைக் குறிப்புகள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். இம்மனுவை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். கையொப்பம் மட்டும் என்னுடையது. கோணலாக இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். விசாரணைக்கு அழைப்பதாக இருந்தால் முற்பகல் 11 மணிக்கு மேல் அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன் என்னால் சேலை கட்டி முடிக்க இயலாது.

இப்படிக்கு,
மனுதாரர்