மஞ்சள் ஜம்பர்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பின படம் கிடைத்தது. உன் சின்னவன் கால்பந்து மைதான வாசலில் அந்தக் கறுப்பு ஜக்கெட்டோடு நிற்கிறான். நல்ல வடிவாக இருக்கிறான். உன் அப்பாவின் உயரம் அப்படியே வந்துவிட்டது. ஆனால் இடது கையில் பொத்தான் போட்டுப் பூட்டியிருந்த, கால்பந்துச் சண்டைக்காரப் பெடியள் விரும்பிப் போடும் ஸ்டோன் ஐலண்ட் கம்பெனியின் திசைகாட்டிப் பட்டையைக் கண்டதும் எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. தொலைபேசியில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் 1984 மார்ச்சில் லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்தோம். அப்பாவுக்கு இரவில் பெற்றோல் செட்டில் வேலை. எனக்கு கிரீன் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு டிரை கிளீனிங் கடையில் வேலை. வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் பழைய மைதானம் அங்கேயிருந்து ஐந்து நிமிட நடை. முதல் சனிக்கிழமை பின்னேரம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒன்றாகக் கத்தும் சத்தம் திடீரென்று கேட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. எட்டு மாதங்களுக்கு முன்தான், 1983 ஜூலைக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டு அறைக்குள் ஒளிந்திருந்து அப்படி ஒரு சத்தம் கேட்டிருந்தேன். பின்பக்கம் ஓடி, கோட்டுகள் தொங்கும் கம்பிக்குப் பின்னால் குந்திவிட்டேன். என்னோடு வேலை செய்த வயதான வெள்ளைக்கார அம்மா தேடி வந்து கையைப் பிடித்தார். "பயப்படாதே பிள்ளை, கோல் போட்டிருக்கிறார்கள்."

அந்த நாளில் எங்கள் ஆட்கள் சொல்லித்தரும் முதல் புத்தி, மொட்டைத் தலையும் பெரிய பூட்ஸும் கண்டால் வீதியின் மற்றப் பக்கம் போய்விடு என்பதுதான். அது வீண் பயம் இல்லை. 1980 ஜூலையில் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் ஒரு பாகிஸ்தானிய மாணவனை அப்படிப்பட்டவர்கள் குத்திக் கொன்றிருந்தார்கள். அதனால் பூட்ஸ்காரர்களைப் பார்த்துத்தான் பயந்தேன். கடைக்கு வந்த மற்றப் பெடியள் அப்படி இல்லை. மென்மையான நிறத்தில் கம்பளி ஜம்பர், மடிப்புக் கலையாத காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. "தாங்ஸ் லவ்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களோடு எனக்குப் பயமே இருக்கவில்லை.

நான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படித்ததே அவர்களின் சட்டைக் கழுத்தில் தைத்திருந்த கம்பெனிப் பெயர்களில்தான். ஃபிலா, எல்லெஸ், செர்ஜியோ டக்கினி, லக்கோஸ்டின் முதலை, லைல் அன்ட் ஸ்கொட்டின் கழுகு, பிரிங்கிளின் வைரக் கட்டங்கள். போர்க் ஃபிலா போட்டார், மெக்கன்ரோ டக்கினி போட்டார் என்று டென்னிஸ் பார்க்காத பெடியளும் சொல்வார்கள். ஜீன்ஸைக் கொண்டுவந்து, சப்பாத்துக்கு மேலே விரிந்து விழ வேண்டும், அடியில் பக்கத்துத் தையலை மட்டும் கொஞ்சம் பிரித்துவிடு என்பார்கள். ஒரு பெடியன் தரையில் முழந்தாளிட்டு, எவ்வளவு பிரிக்க வேண்டும் என்று சோக்கால் கோடு போட்டுக் காட்டினான். கலியாணச் சட்டைக்கு அளவு கொடுப்பவனுக்குக்கூட அவ்வளவு கவனம் இருக்காது.

இந்த மோகம் லிவர்பூலில்தான் தொடங்கியது என்று பலரும் சொல்வார்கள். 1977, 1978, 1981, 1984 என்று அந்த அணி ஐரோப்பியக் கோப்பையை வென்ற காலம். அணியின் பின்னால் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போன பெடியள், இங்கிலாந்தில் கிடைக்காத சப்பாத்துகளையும் சட்டைகளையும் கொண்டு திரும்பினார்கள். சிலது வாங்கினது, சிலது கடையில் எடுத்தது. பிறகு மன்செஸ்டர், லண்டன் என்று எல்லா இடமும் பரவியது. ஆட்டத்துக்குப் போய்ச் சண்டை பிடிக்கும் கும்பல்களைப் பிடிக்க, காவல்துறை அப்போது பூட்ஸையும் கழுத்தில் சுற்றிய அணிச் சால்வையையும்தான் தேடியது. இப்படி நேர்த்தியாக உடுத்தவனை மறிக்க யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பகுதிக் கும்பலுக்கு இன்டர் சிட்டி ஃபேர்ம் என்று பெயர் வந்ததே, ரசிகர்களுக்கென்று விட்ட ரயிலில் போகாமல் சாதாரணப் பயணிகளோடு இன்டர்சிட்டி ரயிலில் போனதால்தான். அடித்துப் போட்டவன் மேலே "எங்களைச் சந்தித்ததற்கு வாழ்த்துகள்" என்று அச்சடித்த அட்டையை வைத்துவிட்டுப் போவார்களாம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1985 வசந்தகாலம், நீ என் வயிற்றில். ஒரு திங்கட்கிழமை காலை ஒரு தாய் மஞ்சள் நிறக் கம்பளி ஜம்பர் ஒன்றை பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார். நெஞ்சிலும் வலது கையின் விளிம்பிலும் பழுப்பாகக் காய்ந்த கறை. இரத்தத்துக்குச் சூடு காட்டக் கூடாது, காட்டினால் நூலோடு பிடித்துவிடும். அதனால் நீராவி படாமல், குளிர்ந்த தண்ணீரும் உப்பும் வைத்து, துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். நான் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவர் போகாமல் நின்றார். புருஷன் றோயல் டொக்கில் வேலை செய்தவர், 1981இல் துறைமுகம் மூடினதிலிருந்து வீட்டில் இருக்கிறார் என்றார். மகனுக்கும் வேலை இல்லை. ஜம்பரைக் கட்டலொக்கில் கிழமைக் கிழமையாகக் காசு கட்டி வாங்கினாராம். இன்னும் கட்டி முடியவில்லை.

"மகனுக்குப் பெரிய காயமோ?" என்று கேட்டேன்.

"இல்லை, கடவுள் புண்ணியம். இது அவனுடைய இரத்தம் இல்லை," என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

எனக்கும் நிம்மதியாக இருந்தது ராசா. அதுதான் நாற்பது வருஷமாக என்னை உறுத்துகிறது. அவர் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். அப்படியென்றால் யாருடைய இரத்தம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கோ ஒரு ரயில் நிலையத்தில் விழுந்து கிடந்தவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். கும்பலுக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவள் நான். அந்தக் கறையை என் கையாலேயே அடையாளம் தெரியாமல் எடுத்துக் கொடுத்தேன். வேலையை நன்றாகச் செய்தேன் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டும் இருக்கிறேன்.

அந்த மே 29ஆம் தேதி பிரஸல்ஸில் ஹேசல் மைதானம். லிவர்பூலும் யுவென்டஸும் ஆட வேண்டிய இறுதி ஆட்டத்தை அப்பாவும் நானும் டிவியில் பார்க்க உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்க முன்னரே லிவர்பூல் ரசிகர்கள் பாய, மற்றப் பக்கத்தில் நின்றவர்கள் நெரிபட்டு, சுவர் இடிந்தது. 39 பேர் செத்தார்கள், பெரும்பாலானவர்கள் இத்தாலியர்கள். இந்த வடிவான சட்டைகளெல்லாம் வந்த அதே பயணங்களின் முடிவு அது. இங்கிலாந்து அணிகளுக்கு ஐந்து வருஷம் ஐரோப்பாவில் ஆடத் தடை விழுந்தது. 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கியபோது (அதனால் இறந்தவர்கள் மொத்தம் 97 பேர்), பிழை காவல்துறையுடையதாக இருந்தும், குடித்துவிட்டு வந்த காடையர்கள் என்ற பொய்யை நாடு உடனே நம்பிவிட்டது. ரசிகர்கள் மேல் பிழை இல்லை என்று மரண விசாரணை நடுவர் குழு சொல்ல 2016 ஆனது. மற்றவர்கள் செய்ததற்கு அந்தத் தாய்மார் 27 வருஷம் வழக்கோடு அலைந்தார்கள்.

ஜக்கெட்டைக் கழற்று என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்தவர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை, தையல் நல்ல தையல். கனபேர் வடிவுக்காகத்தான் போடுகிறார்கள், அதுவும் தெரியும். ஆனால் சின்னவன் யாரோடு போகிறான், வெளியூர் ஆட்டத்துக்கு எந்த ரயிலில் போகிறான், வரும்போது ஏன் தாமதம் என்று நீ கேள். நல்ல பிள்ளை, வடிவாக உடுத்துகிறான் என்று விட்டுவிடாதே. மஞ்சள் ஜம்பர் கதையையும் நீ சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன்.

அக்டோபர் விடுமுறையில் வருகிறேன். மருமகளுக்கு மோர் மிளகாய் கொண்டுவருகிறேன். அத்தனை வருஷம் மைதானத்துக்குப் பக்கத்தில் வேலை செய்தும் நான் ஒரு தடவையும் உள்ளே போனதில்லை. சின்னவனோடு இருந்து ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும், கோல் போடும்போது அந்தச் சத்தத்தை உள்ளே இருந்து கேட்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் ரிக்கெட் எடுத்து வை.

அன்புடன்,
அம்மா