கலியாணத்துக்கு வர முடியாது, மச்சான்

அன்பின் மச்சான்,

மூத்தவளின் கலியாண அழைப்பு கிடைத்தது. மெத்தச் சந்தோசம். டொரொண்டோவுக்கு ரிக்கெற் போடும் யோசனையில்தான் இருந்தேன். ஆனால் இப்போதைக்கு நான் பிளேன் ஏறக்கூடாது. கண்ணுக்குள் காஸ் விட்டிருக்கிறார்கள்!

வலக்கண்ணில் திடீரென்று பளிச் பளிச்சென்று வெளிச்சம், கூடவே கறுப்புப் புள்ளிகள். மறுநாள் ஓரத்தில் ஒரு திரை விழுந்தது. இங்கே திருகோணமலை ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனேயே கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கண்ணாடியுடனீர் என்று படித்தோமே, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் அந்தக் கூழ் வயது போகப்போக நீர்த்துச் சுருங்கும். பெரும்பாலான ஆட்களுக்குச் சில புள்ளிகள் மிதப்பதோடு சரி. எனக்கு அது விலகும்போது விழித்திரையை இழுத்துக் கிழித்துவிட்டது. கிழிசலுக்குள் நீர் புகுந்து விழித்திரையே கழன்றுவிட்டது.

கூழை வெட்டி எடுத்தார்கள். இந்த முறையை 1970இல் மயாமியில் றொபேட் மக்கமர் என்பவர் தொடங்கினாராம். பிறகு கிழிசலைச் சுற்றி லேசர் சுட்டு, அது ஒட்டும்வரை தாங்கிப் பிடிக்கத்தான் காஸ். ஒப்பரேஷன் வலிக்கவில்லை. அப்புறம் கவிழ்ந்தே கிட என்றார்களே, அதுதான் கொடுமை. தேத்தண்ணியும் நிலத்தைப் பார்த்தபடிதான்.

உயரம் போனால் வெளியே அழுத்தம் குறைந்து காஸ் விரியும். கண்ணுக்குள் இரத்த ஓட்டம் நின்று பார்வை போய்விடலாம். நுவரெலியாப் பக்கம்கூடப் போகாதே என்கிறார் டொக்டர். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க வந்தால் கண்ணில் காஸ் இருப்பதைக் கவனிக்கட்டும் என்று கையில் ஒரு பட்டியும் கட்டியிருக்கிறார்கள்.

இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு டச்சு விரிகுடாவில் நின்றால் கோணேசர் மலை தெரிகிறது, கீழே கடல் வெறும் கலங்கல். காஸ் குமிழியின் விளிம்பு குறுக்கே ஆடுகிறது. கரையக் கரைய அந்தக் கோடு கீழே இறங்குமாம். திரை நடுப்பார்வையை எட்டுமுன் நான் வந்தது நல்லது என்றார்கள். பிறகு கற்றரக்ற், அதுதான் கண்புரை, வரக்கூடுமாம். வரட்டும், அதற்கும் ஒப்பரேஷன் இருக்கிறதே.

நீ சின்ன வயதிலேயே சோடாப்போத்தல் கண்ணாடி போட்டவன். கிட்டப்பார்வை கூடினவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். புள்ளிகள் திடீரென்று கூடினாலோ வெளிச்சம் வெட்டினாலோ, கலியாண வேலை முடியட்டும் என்று இராதே. அன்றைக்கே போய்க் காட்டு.

தாலி கட்டும் நேரத்தை எழுது. இங்கே நடுச்சாமம் என்றாலும் வட்ஸ்அப்பில் பார்ப்பேன். மகளுக்கு மனிசி ஒரு சீலை எடுத்து வைத்திருக்கிறா, அங்கே வரும் ஆள் யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்