மூன்றாவது கேள்வியையும் கேளுங்கள்

குடும்ப நல நீதிமன்ற ஆலோசகர்களுக்கு,

வணக்கம். வழக்கறிஞர் ஒருவரிடம் 22 ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். வாதாடுவது அவர், மனுவைத் தட்டச்சு செய்து தாக்கல் செய்துவிட்டு, வராந்தாவில் கட்சிக்காரர்களோடு காத்திருப்பது நான். உங்கள் அறையிலிருந்து வெளியே வருகிறவர்களின் முகத்தை முதலில் பார்ப்பதும் நானே.

“சேர்ந்து வாழ்கிறாயா, விவாகரத்தா என்று கேட்டார்கள்” என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு இருக்கிறதே, நீதிமுறைப் பிரிவு, அதாவது திருமணத்தை முறிக்காமலே நீதிமன்ற உத்தரவு பெற்றுத் தனித்து வாழ்வது, அதை ஏன் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை?

சென்ற மாதம் ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். மஞ்சள் பைக்குள்ளிருந்து லேமினேஷன் செய்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். இருபது ரூபாய் முத்திரைத்தாள். இனி ஒருவர் வாழ்வில் ஒருவர் தலையிடுவதில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இருவரும் போட்ட கையெழுத்து. அடி தாங்காமல் வெளியேறியவர், ஏழு ஆண்டுகளாக அதையே தீர்ப்பு என்று நம்பியிருக்கிறார். லேமினேஷன் எதற்கு என்று கேட்டேன். “கரையான் அரிக்குமே, ஐயா” என்றார்.

கரையானுக்கு விட்டிருந்தாலே நல்லது. சம்மதித்துப் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144(4)-ஆம் பிரிவு. பழைய சட்டத்தின் 125-ஆம் பிரிவிலும் அதுவேதான். இப்போது கணவர் விவாகரத்து மனுவில் “கைவிட்டுப் போனாள்” என்கிறார். ஜீவனாம்ச வழக்கில் “சம்மதித்துப் பிரிந்தோம்” என்கிறார். ஒரே ஆள்தான்!

அந்த அம்மாவுக்கு விவாகரத்து வேண்டாம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அந்த வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. 10-ஆம் பிரிவு இப்படிப்பட்டவர்களுக்குத்தான். விவாகரத்துக்குச் சொல்லும் அதே காரணங்களை நிரூபித்தால், சேர்ந்து வாழும் கடமை நீங்கும், திருமணம் நிற்கும். 25-ஆம் பிரிவின்படி ஜீவனாம்சம் கேட்கலாம். கணவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி வாரிசுதான். மனம் மாறினால் உத்தரவை ரத்து செய்யவும் மனுப் போடலாம். திருமணமாகி ஓராண்டு ஆகாதவர் பொதுவாக விவாகரத்து கேட்க முடியாது, இதைக் கேட்கலாம். சிறப்புத் திருமணச் சட்டத்திலும், கிறித்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே வழி உண்டு.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். உத்தரவு வந்து ஓராண்டு வரை சேர்ந்து வாழாவிட்டால், இந்துத் திருமணச் சட்டத்தின் 13(1ஏ) பிரிவின்கீழ் இருவரில் யாரும் விவாகரத்து கேட்கலாம். ஆகவே இது நிரந்தர நிழல் அல்ல. ஆனால் கேட்டவுடன் கிடைத்துவிடாது என்பதும் உண்மை. மனைவிக்கு ஜீவனாம்சம் தராமல், வேறொரு பெண்ணோடு வாழ்ந்துகொண்டே இந்தச் சட்டப்பிரிவைக் காட்டி வந்த கணவருக்கு 2001-இல் உச்ச நீதிமன்றம் விவாகரத்து தர மறுத்தது.

நேரமில்லை என்பீர்கள். ஒரு காலையில் எத்தனை பேரைக் கூப்பிடுகிறீர்கள் என்பதை நானும் பார்க்கிறேன். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

அந்த அம்மாவின் பதிலுரையிலேயே நீதிமுறைப் பிரிவு கேட்டு எதிர்க்கோரிக்கை சேர்த்துத் தட்டச்சு செய்துவிட்டேன். அடுத்த வாய்தாவில் உங்கள் அறைக்கு வருவார். லேமினேஷன் தாளும் கையில் இருக்கும். வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னேன், கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர் குமாஸ்தா