இடைவெளிச் சுவரும் சாந்துச் சிதறலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இடைவெளிச் சுவர்க் கட்டுமானத்துக்காகப் பொறியாளர் ஒருவர் உருவாக்கிய சாதனங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். இரண்டு சுவர்களுக்கு நடுவே 50 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வெற்றிடம் விட்டு, அவற்றைக் கம்பிப் பிணைப்புகளால் இணைக்கும் இம்முறையில், வெளிச்சுவர் வழியே ஊடுருவும் மழைநீர் அந்த வெற்றிடத்தில் இறங்கி, அடியிலுள்ள நீர்த்தடுப்புத் தகட்டின் மேல் வழிந்து, கசிவுத் துளைகளின் வழியே வெளியேற வேண்டும். கொத்தனார் செங்கல்லை வைத்து அழுத்தும்போது உட்பக்கமாகப் பிதுங்கும் சாந்தோ வெற்றிடத்துக்குள் விழுந்து, துளைகளை அடைத்துவிடுகிறது. முன்பெல்லாம் கயிறு கட்டிய மரச்சட்டத்தை உள்ளே வைத்து, வரிசைக்கு வரிசை உயர்த்திச் சாந்தை அள்ளுவார்கள். பொறுமை மிகவும் தேவைப்படும் வேலை அது.

அச்சாதனங்களில் ஒன்றான, வெற்றிடத்தின் அடியில் இருந்து, விழும் சாந்தை வெவ்வேறு உயரங்களில் தாங்கி, நீருக்கு வழிவிடும் வலைப்பின்னல் உண்மையிலேயே அருமையான தீர்வு. ஆனால் அது அடிப்பகுதியை மட்டுமே காக்கும். நடுவிலுள்ள பிணைப்பின் மீது ஒரு கரண்டிச் சாந்து தங்கினாலும், ஈரம் அதையே பாலமாகக் கொண்டு கடந்து, உட்பூச்சில் உள்ளங்கையளவு ஓதம் படர்வதைக் கண்டிருக்கிறேன். ஆகவே, பிணைப்பை உட்புறம் சாயாமல் பதிப்பதையும், அதன் நடுவிலுள்ள நீர்சொட்டும் வளைவைத் துப்புரவாக வைப்பதையும் கொத்தனார்களுக்குப் படங்களுடன் விளக்கும் கட்டுரை ஒன்றையும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கட்டுமான மேற்பார்வையாளர் ஒருவர்