லாட்டரிக் கடை மாமாவுக்கு

வென்ட்வொர்த்வில், சிட்னி
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நாங்கள் நலம். போனில் நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உங்களிடம் வாதாடி யார் ஜெயித்திருக்கிறார்கள்? அதனால்தான் எழுதுகிறேன்.

"சாராயத்தையே விற்கிற அரசாங்கம் லாட்டரியை மட்டும் ஏன் தடுக்கணும்? உங்க ஊரு மாதிரி சூதாட்ட மெஷினை வெச்சா கஜானா ரொம்புமே" என்றீர்கள். 2003 ஜனவரியில் தென்காசி பஸ் ஸ்டாண்டு கடையை மூடிய ஆற்றாமை உங்களுக்கு இன்னும் போகவில்லை, தெரியும். கஜானா நிரம்புவதும் உண்மைதான். நான் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு மெஷின் வரியாக மட்டும் வருடத்துக்கு 2 பில்லியன் டாலருக்கு மேல் வருகிறது.

இங்கே அதற்குப் பெயர் போக்கீஸ். சூதாட்டம் என்றதும் நீங்கள் சினிமாவில் வருகிற கேசினோவை நினைப்பீர்கள். அப்படி இல்லை. நம் ஊரில் முக்குக்கு ஒரு டீக்கடை மாதிரி, இங்கே பேட்டைக்கு ஒரு கிளப். அங்கே மலிவாகச் சாப்பாடு கிடைக்கும், பிள்ளைகள் விளையாட இடம் இருக்கும், பிறந்த நாளுக்கு ஹால் தருவார்கள். உள்ளே ஒரு கதவுக்குப் பின்னால் வரிசையாக மெஷின். 1956-இல் கிளப்புகளுக்கு மட்டும் என்றுதான் சட்டம் போட்டார்கள். 1997-இல் உட்கார்ந்து குடிக்கிற மதுக்கடைகளிலும் வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. இப்போது நியூ சவுத் வேல்ஸ் முழுக்க 85,000-க்கு மேல் மெஷின்கள்.

நானும் ஆடியிருக்கிறேன். அத்தையிடம் சொல்ல வேண்டாம். வந்த முதல் குளிர்காலத்தில், வீட்டில் ஹீட்டர் போட்டால் பில் ஏறுமே என்று ஒரு கிளப்பில் போய் உட்கார்ந்தேன். ஒரு டாலர் கட்டி பொத்தானை அழுத்தினால் முப்பது சென்ட் விழும். எழுபது சென்ட் போய்விட்டது, மாமா. ஆனால் மெஷின் கல்யாண வீட்டு மேளம் மாதிரி கொட்டி முழக்கும், எனக்கு ஜெயித்த மாதிரியே இருக்கும். அறுபது டாலர் போன பிறகுதான் எழுந்தேன். போட்டதில் குறைந்தது 85 சதவீதம் திரும்ப வர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் வந்த 85-ஐ எடுத்துக்கொண்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை, அதையே திரும்பப் போடுகிறோம். கடைசியில் கை காலி.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். குலுக்கலுக்கு ஒரு வாரம் காத்திருந்த காலத்தில் லாட்டரியால் யாரும் பெரிதாக அழியவில்லை என்று நீங்களே சொல்வீர்கள். சுரண்டல் சீட்டும் ஒரு நம்பர் லாட்டரியும் வந்த பிறகுதான் சுமை தூக்குகிறவர்கள் கூலியை மதியத்துக்குள் தொலைத்தார்கள். இந்த மெஷினுக்கு ஒரு ஆட்டம் மூன்று, நான்கு நொடி.

சரி, யார் பணம் அது? இந்த நாட்டு அரசின் ஆணையம் ஒன்று 2010-இல் கணக்குப் பார்த்தது. மெஷினில் போகிற பணத்தில் ஏறத்தாழ 40 சதவீதம், ஆட்டத்தை நிறுத்த முடியாமல் தவிப்பவர்களுடையது என்று மதிப்பிட்டது. ஊரில் அவர்கள் கொஞ்சம் பேர்தான். சிட்னியில் பணக்காரர்கள் கடலோரம் இருக்கிறார்கள். ஆனால் மாநிலத்திலேயே அதிகப் பணம் தொலைகிற இடங்களில் ஒன்று ஃபேர்ஃபீல்டு. எங்களுக்குப் பக்கம்தான், அகதிகளாக வந்தவர்கள் நிறைந்த இடம். என்னோடு கிடங்கில் வேலை பார்த்த ஒருவர் வியாழக்கிழமை சம்பளம் வந்ததும் ஒரு பீர் என்று போவார். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எங்களிடம் கடன் கேட்பார். அவருடைய மனைவி ஒருநாள் கிடங்கு வாசலிலேயே வந்து நின்றார். அதற்கு மேல் எழுத மனமில்லை.

நிறுத்தலாமே என்பீர்கள். 2023 தேர்தலில், ரொக்கம் போட முடியாதபடி எல்லா மெஷினையும் கார்டுக்கு மாற்றுவோம் என்று ஆளும்கட்சி சொன்னது. கிளப்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆளும்கட்சி தோற்றது, அதற்கு வேறு காரணங்களும் உண்டு. வந்தவர்கள் முதலில் சோதித்துப் பார்ப்போம் என்றார்கள். அவர்களை மட்டும் சொல்லி என்ன? என் பையனுடைய கிரிக்கெட் சட்டையின் முதுகில் ஒரு கிளப் பெயர்தான் இருக்கிறது. பந்தும் மட்டையும் அந்தக் காசில் வந்தவை. நம் தமிழ்க் கூட்டங்களுக்கும் அவர்கள் ஹாலைத்தான் கேட்கிறோம். எந்த முகத்தோடு எதிர்த்துப் பேசுவது?

இதே நாட்டில் மேற்கு ஆஸ்திரேலியா இருக்கிறது. பெர்த்தில் ஒரே ஒரு கேசினோவில் மட்டும் மெஷின், வேறெங்கும் கிடையாது. அங்கேயும் கிளப் நடக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இரும்புத்தாது பணம் கொட்டுகிற மாநிலம், அவர்களுக்கு முடியும் என்று நீங்கள் மடக்குவீர்கள். இருக்கலாம். ஆனால் இரும்பு ஏற்றுமதி இவ்வளவு பெருகாத காலத்திலும் அவர்கள் கதவைத் திறக்கவில்லையே.

அதனால் என் ஓட்டு உங்களுக்கு இல்லை, மாமா. உங்கள் கடை போனதில் எனக்கும் வருத்தம்தான், நான் வளர்ந்ததே அந்தச் சீட்டுக் காசில்.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்று எழுதுங்கள். டிசம்பரில் வருகிறோம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வரை ஒருநாள் போய்வரலாம். கேரளா பம்பர் ஒரே ஒரு சீட்டு வாங்கித் தருகிறேன், ரெண்டு கேட்கக் கூடாது.

உங்கள் அன்பு மருமகன்