‘ஹராஸ்’னா வெறும் தொல்லை இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஆங்கிலம் கத்துக்கலாம் பகுதியில ‘ஹராஸ்’ங்கிற வார்த்தைக்கு ‘தொல்லை கொடு’ன்னு ஒரே வரியில அர்த்தம் போட்டிருந்தீங்க. நான் 22 வருஷமா வீட்ல இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன், இத்தனை நாளா நானும் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். இனிமே சொல்ல மாட்டேன்.

என் தங்கச்சி மக காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. ஒரு பையன் ஆறு மாசமா விடாம போன், மெசேஜ், பஸ் ஸ்டாப்ல வந்து நிக்கிறது. வேண்டாம்னு நேர்லயே சொல்லிட்டா, நம்பரை பிளாக் பண்ணா அடுத்த நாள் வேற நம்பர்ல இருந்து வரும். ஒருநாள் எங்க வீட்ல தங்கியிருந்தப்ப ராத்திரி 9 மணிக்கு ஆரம்பிச்சு 12க்குள்ள 41 மிஸ்டு கால். தாங்க முடியாம போனைக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தா, அப்பவும் உள்ளே இருந்து டர்ர் டர்ர்னு கேட்டுக்கிட்டே இருக்கு, “பெரியம்மா அது நிக்கவே மாட்டேங்குது”ன்னு சொல்லி அழுதுட்டா.

மறுநாள் புகார் குடுக்கப் போனோம். மனுவுல ‘ஒருவர் எனக்குத் தொல்லை கொடுக்கிறார்’னு எழுதியிருந்தா. வாங்கிப் பாத்தவர் “தொல்லைதானேம்மா, சிம்மை மாத்திடுங்க”ன்னு திருப்பிக் குடுத்துட்டார். அப்புறம் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் அதே விஷயத்தை வேற மாதிரி எழுதிக் குடுத்தார், என்னைக்கு வேண்டாம்னு சொன்னா, அதுக்கப்புறம் எந்தெந்த தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை தடவைன்னு. அந்த மனுவை வாங்கிக்கிட்டாங்க. நடந்தது ஒண்ணுதான், எழுதின வார்த்தைதான் வேற.

2013ல தண்டனைச் சட்டத்துல 354 டி பிரிவைச் சேத்ததே இதுக்குத்தான், இப்போ அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவுல அது 78வது பிரிவு. பொண்ணு இஷ்டமில்லைன்னு தெளிவா காட்டின பிறகும் திரும்பத் திரும்ப பின்னாடி போறதும் தொடர்பு கொள்றதும் குற்றம், முதல் தடவையே 3 வருஷம் வரைக்கும் ஜெயில். இங்கிலாந்துல 1997ல வந்த ஹராஸ்மென்ட் சட்டத்துலயும் ஒருத்தரை ரெண்டு தடவையாவது அப்படிப் பண்ணியிருக்கணும்னு இருக்கு. விடாம பண்றதுதான் விஷயமே. ‘தொல்லை’ல அது எங்கே இருக்கு? அதே இதழ்ல 14ம் பக்கம் கொசுத்தொல்லைக்கு வழி சொல்லியிருக்கீங்க, செய்திகள்ல பாலியல் தொல்லைன்னு போடுறீங்க, ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா?

அந்த வார்த்தை பிறந்த கதையைப் பாருங்க, பிரெஞ்சுல இருந்து வந்தது, அநேகமா நாயை ஏவி விடுற சத்தத்துல இருந்து வந்திருக்கும்னு அகராதிக்காரங்க சொல்றாங்க, நாம ‘சூ’ன்னு ஏவுற மாதிரி. ஓட ஓட துரத்தி ஓய வைக்கிறது. ‘பெஸ்டர்’ங்கிற இங்கிலீஷ் வார்த்தை வேற, புள்ளை ஐஸ்கிரீம் கேட்டு நை நைன்னு நிக்குதே அது, அதுக்கு நச்சரிப்புன்னு நம்ம கிட்டயே அழகான வார்த்தை இருக்கு. ‘நாக்’கும் கிட்டத்தட்ட அதேதான். இந்த மூணையும் தொல்லைன்னு ஒரே மூட்டையில கட்டினா படிக்கிற பிள்ளைக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

பேருக்கு என்ன இருக்குன்னு நினைக்காதீங்க. சென்னையில ஒரு காலேஜ் மாணவி செத்துப்போன பிறகு 1998ல தமிழ்நாட்ல ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்துச்சு, கேலி கிண்டல் மாதிரி தொனிக்கிற அந்தப் பேரை 2002ல எடுத்துட்டு ஹராஸ்மென்ட்னு மாத்தினாங்க. சட்டம் போட்டவங்களுக்கே அந்த வார்த்தை உறுத்தியிருக்கு.

அதனால அடுத்த இதழ்ல ‘வேண்டாம் என்ற பிறகும் விடாமல் துன்புறுத்துதல்’னு திருத்தம் போடுங்க, செய்தியிலயும் தொல்லைக்கு பதிலா துன்புறுத்தல்னே எழுதச் சொல்லுங்க. போட்டீங்கன்னா அந்தப் பக்கத்தை வெட்டி என் டியூஷன் ரூம் சுவத்துல ஒட்டிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
கரூர்